மணி அடிக்காத சைக்கிள்

பேத்தியை அவள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தாயிற்று. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, குத்தலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டப் போனேன். அதற்குள் மருமகள் முன்னால் வந்து, பிள்ளையின் காதைக் கையால் மூடிக்கொண்டாள்.

“வேணாம் மாமா. அவரு கொரலக் கேக்காம எம் புள்ள காதுல ஊசி வைக்க விடமாட்டேன்.”

பொங்கல் பானை அடிப்பிடித்த வாசனை வந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடா மட்டும் கத்தியது.

போன வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய சமயம் இது. எங்கள் குலசாமி கோயில், திருவரங்குளத்திலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதையில், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது. மருமகள் பெயர் சுகன்யா. அவள் ‘அவரு’ என்று சொன்னது என் மகன் குமரவேலை. வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறான். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்றிருக்கிறான். இன்னும் அங்கேதான் வேலை.

அந்தப் பக்கம் சண்டை வந்துவிட்டது. இவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு அருகிலும் ஏதோ வந்து விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். அன்றோடு அவன் பேச்சு நின்றது. சுகன்யா கூப்பிட்டால் போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. அப்புறம் அடிப்பதும் நின்றுபோனது.

காதுகுத்துக்கு முன்பே நாள் குறித்துப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தள்ளிப் போடலாம் என்று என் மனைவி மல்லிகா சொன்னாள். சம்பந்தி வீட்டிலும் அதையே சொன்னார்கள். நடக்கட்டும் என்று சொன்னவன் நான் ஒருவன்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யாருக்கும் விளக்கவில்லை. எனக்குப் பேச வராது. எழுதும்போது கொஞ்சம் வருகிறது.

கரை மேல் கேட்கும் சத்தம்

சீனச் சண்டை நடந்தபோது நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். எங்கள் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். மழை பொய்த்தால் இந்தச் சீமையில் பிழைக்க வழி குறைவு. ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வரிசையில் நிற்பார்கள்.

எங்களுக்குத் தபால் கொண்டுவந்தவர் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கத்துக்காரர். கழுத்தில் சிலுவைக் கயிறு கிடக்கும். காக்கிச் சட்டையில் எப்போதும் மூக்குப்பொடி வாசனை. கண்மாய்க் கரை மேல் ஏறியதும் சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்குவார். ஊர் வாசல் வரை விடாமல் அடிப்பார்.

அந்த மணிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. சாதாரணத் தபால்தான், தந்தி இல்லை, பயப்படாதீர்கள் என்று அர்த்தம். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவராகப் பழக்கிக்கொண்டது. பட்டாளத்து வீட்டுப் பெண்கள் களையெடுத்தாலும் துணி துவைத்தாலும் காது மட்டும் கரை மேல்தான் இருக்கும்.

மணி கேட்டதும் எங்கள் ஆத்தா வாசலுக்கு வரும். அவர் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போவார்.

“ஒண்ணும் இல்ல தாயி.”

ஆத்தா முகம் தெளியும். கடுதாசி வராததற்குச் சந்தோஷப்பட்டவர்களை எங்கள் தெருவில்தான் பார்த்திருக்கிறேன். கடுதாசி வந்தால் நல்லதுதான். ஆனால் அது எப்போதோ எழுதியது. ஒன்றும் இல்லை என்பது இன்றைக்கு உள்ளது.

ஒரு மழை நாளில் அவர் மணி அடிக்காமல் வந்தார். சைக்கிளில் ஏறவும் இல்லை. கரை நெடுகத் தள்ளிக்கொண்டே வந்தார். தூறல். தலையில் சாக்கு. பார்த்தவர்கள் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு வாசலாகக் கடந்து போனார். எங்கள் வாசலையும் கடந்தார். எங்களைக் கடந்துபோகும்போது ஆத்தா என் தோளைப் பிடித்திருந்தது. நகம் பதிந்தது.

அவர் நின்றது, புருஷனைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருந்த சிகப்பி அக்கா வாசலில். அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாவது பொங்கல்கூட வரவில்லை.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

வரகுச் சோற்று விருந்து

அப்பா சீனச் சண்டையிலிருந்து உயிரோடு வந்தார். பனி கடித்துக் கால் விரல் ஒன்று போயிருந்தது. செருப்புக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரிப்பார்.

அப்புறம் பாகிஸ்தான் சண்டை வந்தது. மறுபடி போனார். தங்கச்சிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். அப்போது அரிசித் தட்டுப்பாடு. விருந்து வைப்பதற்கும் சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்தது. போதாததற்கு வீட்டுக்காரர் சண்டையில். ஊரே, தள்ளிப் போடு என்றது.

ஆத்தா கேட்கவில்லை. வரகு குத்திச் சோறாக்கியது. மரவள்ளிக் கிழங்கு அவித்தது. கிடா இல்லை, ஒரு சேவல். மாமன் மடியில் தங்கச்சியை வைத்துக் காது குத்தினார்கள். ஓட்டைக் காதில் தங்கத்துக்கு வழியில்லாமல் வேப்பங்குச்சி செருகினோம்.

என் பெரியப்பா வாசலில் நின்றபடியே கேட்டார்.

“அவன் அங்க என்னாவா இருக்கானோ. ஒனக்கு இங்க விசேஷம் கேக்குதாக்கும்?”

ஆத்தா இலை போட்டுக்கொண்டே பதில் சொன்னது.

“அவுக வந்து பாக்கறப்ப, வீடு நின்ன எடத்துலயே நிக்கக்கூடாது மாமா. நடந்துக்கிட்டு இருந்திருக்கணும்.”

பெரியப்பா கோபத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வரகுச் சோறு இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

மூடி கழன்ற மணி

காதுகுத்து முடிந்த கொஞ்ச நாளில் ஒரு காலை. கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் பள்ளிக்கூடம் போகாத நாள். யாரோ ஒரு பொம்பளை நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

சவரிமுத்து வந்துகொண்டிருந்தார். மணிச் சத்தம் இல்லை.

களைக்கொட்டுகள் அப்படியே கீழே விழுந்தன. ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். அடுத்தவளும் ஓடினாள். எந்த வீட்டுக்கு என்று தெரியாது. தெரியாமலே எல்லோரும் அழுதார்கள். ஆத்தா ஓடவில்லை. குடிக்க வைத்திருந்த கலயத்துத் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவியது. முகத்தைக் கழுவியது. முந்தானையை இறக்கிவிட்டுத் தலைமுடியை அள்ளி முடிந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தது. தந்தியை மண் கையோடு வாங்கக்கூடாது என்று நினைத்திருக்கும்.

இத்தனை பேர் அழுதுகொண்டு வருவதைப் பார்த்து சவரிமுத்து அரண்டுபோனார். இறங்கி, சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

“என்ன தாயி, யாரு தவறிட்டா?”

“அத நீதானய்யா சொல்லணும்” என்றாள் முன்னால் நின்றவள்.

“நான் என்னத்தச் சொல்ல? எனக்கு எப்படித் தெரியும்?”

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிகப்பி அக்காதான் முதலில் கண்டுபிடித்தது. அது கீழே கிடந்த சைக்கிளைக் குனிந்து பார்த்தது. மணியின் மூடி இல்லை. உள்ளே இருக்கிற பல்சக்கரம் மட்டும் தெரிந்தது. வழியில் எங்கோ பள்ளத்தில் ஏறி இறங்கியபோது கழன்று விழுந்திருக்கிறது. அவர் பழக்கத்தில் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டேதான் வந்திருக்கிறார். சத்தம் வராததை அவர் கவனிக்கவில்லை.

சவரிமுத்து கரை மேலேயே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் அவரைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே சிரித்தார்கள். மூக்கைச் சிந்தினார்கள்.

சிகப்பி அக்கா சிரிக்கவில்லை. “மணி மாத்துற வரைக்கும் வாயால சொல்லிப்புடுங்க. கரையிலேருந்தே சொல்லிப்புடுங்க” என்றது.

அந்தச் சண்டை முடியும் வரை அப்படித்தான் செய்தார். புது மூடி போட்ட பிறகும் நிறுத்தவில்லை. மணியும் அடிப்பார்; கரையிலிருந்தே கத்தவும் செய்வார். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல என்று அவர் குரல் கண்மாய்த் தண்ணீர் மேல் வரும். மாடு மேய்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொண்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆத்தா என்னிடம் ஒன்று சொன்னது. “சத்தம் வரலேன்னா மொதல்ல மணியப் பாக்கணும்டா.” அவ்வளவுதான். அப்புறம் கொல்லைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து களையெடுத்தது.

அப்பா அந்தச் சண்டையிலிருந்தும் வந்தார். வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. தங்கச்சியைத் தூக்கி அதன் காதைத் தடவிப் பார்த்தார். குச்சிக்குப் பதில் தங்கம் போடலாம் என்றார்.

கழுதை மிதித்த கம்பி

வங்காளச் சண்டை முடிந்து சில வருஷத்தில் நானும் பட்டாளத்தில் சேர்ந்தேன். எட்டாவது வரை படித்தவனுக்கு டெலிபோன் கம்பி இழுக்கும் வேலை கொடுத்தார்கள். பனிமலையில் கம்பி இழுத்ததைப் போன வாரம் இதே பக்கத்தில் எழுதினேன். அதில் ஒன்று விட்டுப்போனது.

மேலே ஒரு காவல் முனை. அங்கே எங்கள் ஆட்கள் சிலர். ஒரு நாள் கம்பியில் பதில் வரவில்லை. டெலிபோன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கை வலித்தது. பனி கொட்டுகிறது. எதிரியா, பனிச்சரிவா, தெரியாது. எங்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. கிளம்பு என்று ஆட்கள் பூட்ஸை மாட்டினார்கள்.

எங்கள் ஹவில்தார் மலையாளி. முரட்டு மீசை. யாரையும் கிளம்ப விடவில்லை. முதலில் நம் பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போய்ப் பார் என்று என்னை அனுப்பினார். கூடாரத்துக்குப் பின்னால் போனேன். சாமான் சுமக்கும் கோவேறு கழுதை அங்கே கட்டியிருந்தது. அதன் காலடியில் எங்கள் கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது.

முறுக்கி இணைத்தேன். கருவியைக் காதில் வைத்தேன். மேலே இருந்தவன் எங்களை அம்மா அக்கா வைத்துத் திட்டிக்கொண்டிருந்தான். கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர்கள் பயந்து, ஆள் அனுப்பக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்களாம். அத்தனை இனிமையான வசவு நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் பட்டாளத்தில் எத்தனையோ கம்பி பார்த்தேன். சிலது இணைக்க முடியாத கம்பிகள். அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாத் தடவையும் கழுதையாக இருக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு, இன்றைக்கு என்ன நடந்தது என்று யோசிப்பேன். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கும்பிடுவேன். மல்லிகா கல்யாணமான புதிதில் சிரிப்பாள். நல்லது நடந்தால்தான் கும்பிடுவார்கள், நீங்கள் என்ன ஒன்றும் நடக்காததற்குக் கும்பிடுகிறீர்கள் என்பாள். சண்டைக் காலத்தில் வளர்ந்தவனுக்கு அதுதான் நல்லது.

மிஸ்டு கால்

குமரவேல் வளைகுடாவுக்குப் போனபோது அவனுக்கு சவரிமுத்து கதையைச் சொன்னேன். தினம் சாயங்காலம் என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு என்றேன். பேச வேண்டாம். நான் எடுக்கவும் மாட்டேன். அடித்து நின்றால் போதும்.

என்னுடையது பட்டன் போன். அவன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வேறு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் யாரையும் கூப்பிடுவதில்லை. சட்டைப் பையில் கிடக்கும். சாயங்காலம் அடிக்கும், நிற்கும். அடுப்படியிலிருந்து மல்லிகா கேட்பாள், என்னவாம் என்று. ஒண்ணும் இல்ல என்பேன். விளக்கு ஏற்றுவாள்.

பொண்டாட்டியோடு அவன் வீடியோவில் மணிக்கணக்கில் பேசுவான். அது வேறு. இது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளது.

குண்டு விழுந்த நாளிலிருந்து அதுவும் இல்லை.

மல்லிகா டிவி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரே நெருப்பைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. சுகன்யா பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, போனைக் கையில் வைத்தபடி சுவரோரம் படுத்துக்கிடப்பாள். கம்பெனி நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. புதுக்கோட்டைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு வந்ததுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். பந்தல்காரனுக்குச் சொல்லிவிட்டேன். கிடாவுக்கும் சொல்லிவிட்டேன்.

என் பங்காளி ஒருவர், வயதில் என்னைவிடச் சின்னவர், எனக்குக் கேட்கும்படியே மற்றவரிடம் சொன்னார்.

“மகன் இருக்கானா இல்லையான்னு தெரியல. இவரு கெடா வெட்டுறாரு. பட்டாளத்துக்காரனுக்கு நெஞ்சு கல்லுடா.”

கல் இல்லை. கொல்லையில் மோட்டார் ரூமுக்குப் போய், மோட்டாரை ஓட விட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு தரம் அழுதேன். அப்புறம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தேன்.

முந்திரி மரத்தடியில்

இப்போது மறுபடி கோயிலுக்கு வருகிறேன்.

சுகன்யா பிள்ளையின் காதை மூடிக்கொண்டு நின்றாள். தாய்மாமன் பிரகாஷ், அவளுடைய தம்பி, என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளையைப் பிடித்திருந்தான். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பூசாரி முணுமுணுத்தார். மல்லிகா என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில், இப்பவாவது விடுங்களேன் என்று இருந்தது.

நான் சுகன்யாவை அதட்டவில்லை. அவள் செய்தது நியாயம். என் ஆத்தாவைப் போல அவளும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆசாரியை ஊசியைக் கீழே வைக்கச் சொன்னேன். மருமகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். டம்ளர் பல்லில் இடித்தது.

“ஒங்களுக்கும் அவரு அடிக்கவே இல்லையே மாமா” என்றாள். “எனக்கு விட்டாலும் ஒங்களுக்கு விடமாட்டாரே.”

அது உண்மை. கால் ஒடிந்தாலும் ஊர்ந்துவந்து எனக்கு அடிப்பான். நான் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். காலையில்தான் சார்ஜ் போட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. நல்லாத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் சவரிமுத்துவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அவரும் மணி அடிப்பதாகத்தானே நினைத்துக்கொண்டு வந்தார்.

கம்பி இழுத்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்கு இது தோன்ற இத்தனை நாள் ஆனது. சொந்தப் பிள்ளை என்றால் கற்ற வித்தை கையில் நிற்பதில்லை.

“தாயி, ஒன் போன்லேருந்து எனக்கு அடி” என்றேன்.

“ஒங்களுக்கா? எதுக்கு மாமா?”

“அடி. சொல்றேன்.”

அந்த இடத்தில் சிக்னல் குறைவு. எழுந்து போய் மேட்டில் நின்று அடித்தாள். என் கையிலிருந்த போன் அசையவில்லை. அவள் காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. போனை நீட்டினாள். ஒரு பொம்பளைக் குரல் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது, இந்த எண்ணுக்கு அழைப்புகள் வரும் வசதி தற்போது இல்லை என்று.

பிரகாஷ் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். என் போனை வாங்கினான். அதில் நிறைய மெசேஜ் கிடந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் படிப்பதில்லை.

“மாமா, குண்டு விழுந்த அன்னைக்கே ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சு. இன்கமிங் கட் பண்ணிட்டான். யாரு இதுக்குப் போடுறது?”

யார் போடுவது என்று அந்தக் கணம் வரை எனக்குத் தெரியாது. சுகன்யாவுக்குத்தான் தெரிந்தது. மெதுவாகச் சொன்னாள்.

“அவருதான். மாசா மாசம் அங்கேருந்து அவரே போட்டுவிடுவாரு.”

அவன் கையில் போன் இருந்தவரை என் மணிக்கு மூடி இருந்தது. சண்டை வந்தது, மூடி கழன்றுவிட்டது.

பிரகாஷ் தன் போனில் ஏதோ தட்டினான். மேட்டில் ஏறி, கையை உயர்த்திப் பிடித்து, சிக்னல் தேடினான். பந்திக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் அவனையே பார்த்தார்கள். ஆயிருச்சு என்று கத்தினான். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடிக்கவில்லை.

அடிக்க வேண்டும் என்று சட்டமா. இந்த நேரத்துக்கு அவன் முயற்சி செய்கிறானா என்று யாருக்குத் தெரியும். இணைக்க முடியாத கம்பிகளும் எனக்கு ஞாபகம் இருந்தன. நான் அதைச் சொல்லவில்லை.

சுகன்யா என் எதிரே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் திரும்பி, பிரகாஷ் இடுப்பிலிருந்த பிள்ளையின் தலைச் சந்தனத்தைச் சரிசெய்தாள்.

“இவ்வளவு நாளும் அவரு பேசலன்னு நெனச்சேன். நமக்குத்தான் கேக்கலயோ என்னமோ. குத்தச் சொல்லுங்க மாமா.”

நான் அவளைக் கும்பிட்டேன். மாமனார் மருமகளைக் கும்பிடும் வழக்கம் எங்களில் இல்லை. கை தானாக எழுந்தது.

யாரு அழுவுறா?

ஆசாரி கைதேர்ந்தவர். வலது காது முடிந்ததே பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் ஊரைக் கூட்டியது. இடது காதுக்குத் தலையைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிரகாஷ் சட்டையெல்லாம் சந்தனம், கண்ணீர், எச்சில். பெண்கள் குலவை போட்டார்கள். குலவைச் சத்தத்தை மீறிப் பிள்ளை அழுதது.

அந்தச் சத்தத்தில் என் மடி அதிர்ந்தது.

போன் அடித்தது. நீளமான நம்பர். அவனுடையது இல்லை. ஒரு தரம் அடித்தது. இரண்டாவது தரம் அடித்தது. இத்தனை வருஷமாக நான் எடுத்ததே இல்லை. எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். என் விரல் பட்டன் மேல் நின்றது.

“ஏங்க, எடுங்க” என்றாள் மல்லிகா. அவள் குரல் அவளுடையதாக இல்லை.

எடுத்தேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். அப்புறம் அவன் குரல். “அப்பா? யாருப்பா அழுவுறா? வீட்ல என்னப்பா?”

“ஒம் மவதான். காது குத்துறோம்.”

பிள்ளை அழுவதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் போனைப் பிள்ளைப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அது நன்றாகவே அழுதது. திரும்பக் காதில் வைத்தபோது அவனும் அழுதுகொண்டிருந்தான். சிரிக்கவும் செய்தான்.

“ரெண்டு காதும் ஆச்சாப்பா?”

“ஆச்சு. நீ எப்படி இருக்க?”

“ஒண்ணும் இல்லப்பா.”

போனை சுகன்யாவிடம் கொடுத்துவிட்டுக் கிடா கட்டியிருந்த மரத்தடிக்குப் போனேன். அது என்னை முகர்ந்து பார்த்தது. நான் அதை அவிழ்த்து விடச் சொன்னேன். இன்னும் வெட்டவில்லை. எங்கள் கொல்லையில்தான் மேய்கிறது. கோயிலுக்கு நேர்ந்ததை என்ன செய்வது என்று பூசாரி கேட்டார். சாமி என்னைக் கேட்கட்டும் என்றேன். அன்று பந்தியில் சாம்பாரும் வடையும்தான். பங்காளி முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பாயசம் கேட்டு வாங்கினார்.

நடந்தது இதுதான். சைரன் ஊதியதும் எல்லோரையும் கையில் கிடைத்ததோடு பஸ்ஸில் ஏற்றி, எங்கோ பாலைவனத்துக்குள் ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் போன் அறையில் கட்டிலில் கிடந்தது. முகாமில் நெட் இல்லை. மலையாளத்துப் பையன் ஒருவனிடம் மட்டும் பேச முடிகிற போன் இருந்திருக்கிறது. அதை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்குத் தினமும் அடித்திருக்கிறான். என் நம்பர். அது அடிக்கவே இல்லை; அங்கிருந்து கூப்பிட்டால் அந்தப் பொம்பளைக் குரல்கூட வராதாம். அப்பாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். பாலைவனத்தில் உட்கார்ந்து எனக்காக அழுதிருக்கிறான்.

பனிமலையில் கயிறு கட்டிய ஆட்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

சுகன்யா அவனை லேசில் விடவில்லை. “இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, பொண்டாட்டி நம்பர் தெரியாது ஒங்களுக்கு” என்று அந்த மலையாளத்துப் பையன் போனிலேயே பிடித்துக்கொண்டாள். அவன், போன்ல ஒன் பேரத்தான தட்டுவேன் என்றானாம். இப்போது அவள் நம்பரை மனப்பாடம் செய்து, தினம் ஒரு தரம் ஒப்பித்துக் காட்ட வேண்டும். அது அவனுக்குத் தண்டனை.

அங்கே சண்டை ஓய்ந்தது. தீபாவளிக்கு லீவில் வந்தான். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் மகளைத் தூக்கினான். காதைத் தடவிப் பார்த்தான். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

சவரிமுத்து எப்போதோ இறந்துவிட்டார். அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: உங்கள் அப்பா எங்கள் தெருவுக்கு மணி அடித்தவர். வேலையில் சேராத ஒன்றை வேலையாகச் செய்தவர். சிகப்பி அக்கா இருக்கிறது. காது கேட்காது. நான் போனால் கையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆத்தா இல்லை. அவர்கள் எல்லாருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இப்போது என் போனுக்கு சுகன்யாதான் ரீசார்ஜ் போடுகிறாள். போட்டதும், சரியாக இருக்கிறதா என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு தரம் அடித்துப் பார்ப்பாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. போன் அடித்தது. நின்றது.

மல்லிகா அடுப்படியிலிருந்து கேட்கிறாள், என்னவாம் என்று.

ஒண்ணும் இல்ல.